இக்னேஷியஸ் டானலியின் நாட்குறிப்பை எந்த அளவுக்கு நம்பி எழுதலாம்?

நாணல் (கேள்வி):

வணக்கம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் வாழ்ந்த இக்னேஷியஸ் டானலி (1831–1901) என்ற அரசியல்வாதியைப் பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். லெமூரியா, குமரிக்கண்டம் பற்றித் தேடிப் படித்தவர்கள் இவர் பெயரைக் கடந்து வந்திருப்பீர்கள். கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் அட்லாண்டிஸ் என்ற நிலப்பகுதி உண்மையில் இருந்தது என்று வாதிட்டு 1882இல் வெளிவந்த பெயர்பெற்ற நூல் இவருடையதே. தியாசபிகல் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரும் 1888இல் எழுதிய தம் பெருநூலில் இவரை எடுத்தாண்டிருக்கிறார். ஆனால் என் கட்டுரை அந்த டானலியைப் பற்றியது அன்று. கோதுமை விவசாயிகளின் பெயரால் நாற்பது ஆண்டுகள் தேர்தல் அரசியல் நடத்திய கிராமத்து டானலியைப் பற்றியது.

பிலடெல்பியாவில் பிறந்து வழக்கறிஞரான இவர், 1856இல் ஜான் நினிங்கர் என்பவரோடு சேர்ந்து, மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஹேஸ்டிங்ஸ் ஊருக்கு அருகே நினிங்கர் என்ற புதிய நகரத்துக்கு மனை போட்டார். ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் ஒரு பத்திரிகை நடத்திக் குடியேறிகளை அழைத்தார். ‘பிடில் வாசிக்க எனக்குத் தெரியாது, ஆனால் சிற்றூரைப் பெருநகரமாக்கும் கலை தெரியும்’ என்ற, பண்டைய ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்தோக்ளிஸின் கூற்று அந்தப் பத்திரிகையின் முகப்பில் இடம்பெற்றது. 1857இல் வந்த பணநெருக்கடியில் மனை வியாபாரம் விழுந்து ஊரே கலைந்தது. இவர் மட்டும் அங்கேயே தங்கி, மனைகளாக அளந்து போட்ட நிலத்தில் கோதுமை விதைத்தார். 1860 முதல் 1863 வரை மாநிலத்தின் துணை ஆளுநராகவும், 1863 முதல் 1869 வரை மூன்று தவணைகள் வாஷிங்டனில் கீழவை உறுப்பினராகவும் இருந்தார். அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்சி மாறி மாறிப் போட்டியிட்டார். மாநிலச் சட்டமன்றத்துக்குச் சில முறை சென்றாரே தவிர, வாஷிங்டனுக்கு மறுபடி போகவே இல்லை.

இவருடைய நாட்குறிப்புகளும் கடிதங்களும் பத்திரிகைத் துணுக்குகளை ஒட்டிய ஏடுகளும் செயின்ட் பால் நகரில் உள்ள மின்னசோட்டா வரலாற்றுக் கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. நுண்படச் சுருளாகவும் (மைக்ரோபிலிம்) கிடைக்கின்றன. இனி என் சிக்கலைச் சொல்கிறேன். நாட்குறிப்பில் இரண்டு இடங்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. ஒன்று, 1880 நவம்பர் 3ஆம் தேதி, தம் நாற்பத்தொன்பதாவது பிறந்தநாளைப் பற்றி எழுதியது: நம்பிக்கை எல்லாம் போயிற்று, எதிர்காலம் இருண்டு கிடக்கிறது என்ற பொருளில் மனம் உடைந்து எழுதுகிறார். மற்றொன்று, அட்லாண்டிஸ் நூலைப் படித்த பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் 1882 மார்ச்சில் எழுதிய பாராட்டுக் கடிதம் வந்தபோது எழுதியது: பனி மூடிய குக்கிராமத்தில், பொத்தான் உதிர்ந்த கோட்டும் கிழிந்த கால்சட்டையுமாக நிற்கும் இந்த ஆள், பேரரசையே ஆட்டிவைக்கும் மனிதரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கிறானே என்று தம்மைப் பார்த்துத் தாமே சிரித்துக்கொள்கிறார்.

இந்த இரண்டு தூண்களின் மேல் கட்டுரையை எழுப்பினேன். வரைவைப் படித்த நண்பர் ஒருவர், “இது அவரைப் பற்றிய வரலாறாக இல்லை, அவரே எழுதிக்கொடுத்த மனுவாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல் உறுத்துகிறது. ஓர் அரசியல்வாதியின் சொந்த நாட்குறிப்பை எந்த அளவுக்குச் சான்றாகக் கொள்ளலாம்? வந்த கடிதங்கள் மலைபோல் இருக்கின்றன. அவற்றைப் படிக்க ஆகும் காலத்துக்கு ஏற்ற பயன் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சுவடிமேசை:

தங்கள் நண்பர் சொன்னது கடுமையாகத் தோன்றினாலும் அதில் நியாயம் இருக்கிறது. ஆவணக் காப்பகம் ஒன்றில் சில ஆண்டுகள் தனியார் தாள்களை வகைப்படுத்தியவன் என்ற முறையில், நாட்குறிப்பை எடுத்தவுடன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், எந்த நாளில் எழுதியிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. தாங்கள் குறிப்பிட்ட தேதியைக் கண்டதும் நாட்காட்டியைப் புரட்டினேன்.

டானலி பிறந்தது 1831 நவம்பர் 3. அமெரிக்கத் தேசியத் தேர்தல் நவம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நடக்கும். அதாவது 2ஆம் தேதியிலிருந்து 8ஆம் தேதிக்குள் எப்போதும் வந்துவிடும். ஆகவே இந்த மனிதருடைய பிறந்தநாள் ஆயுள் முழுவதும் தேர்தல் வாரத்தை ஒட்டியே வந்திருக்கிறது. 1880இல் தேர்தல் நவம்பர் 2, செவ்வாய். கார்பீல்டு குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, குடியரசுக் கட்சி வென்ற அன்றைக்கு மறுநாள்தான் நாற்பத்தொன்பதாவது பிறந்தநாள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1878 நவம்பர் 5 அன்று, டானலி கீழவைத் தேர்தலில் வில்லியம் வாஷ்பர்னிடம் தோற்று, முடிவை எதிர்த்து அவையிலேயே முறையிட்டுப் போராடியும், வாஷ்பர்னே இடத்தைத் தக்கவைத்துக்கொண்டார். அந்தக் கசப்பு ஆறாத நேரம் அது. 1884இல் தேர்தல் நவம்பர் 4. பிறந்தநாளுக்கு மறுநாளே ஹொரேஸ் ஸ்ட்ரெய்ட்டிடம் தோற்றார். எல்லாவற்றையும்விட 1868ஐப் பாருங்கள். அந்த ஆண்டு வாக்குப்பதிவே நவம்பர் 3 செவ்வாய்க்கிழமைதான். முப்பத்தேழு வயது நிறைந்த அன்றைக்கே கீழவை இடத்தை இழந்திருக்கிறார்.

பிறந்தநாளன்று வாழ்க்கையை எடைபோட்டு எழுதும் வழக்கம் பலருக்கும் உண்டு. டானலிக்கு அந்தத் தராசின் ஒரு தட்டில் வாக்குப்பெட்டி முன்கூட்டியே வைக்கப்பட்டுவிடுகிறது. எனவே 1880ஆம் ஆண்டுப் பதிவை அவருடைய ஆயுளின் தீர்ப்பாகக் கொள்ளாமல், ஒரு தேர்தலுக்கு மறுநாள் எழுதியதாகவே கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: ஒற்றைப்படை ஆண்டுகளில் தேசியத் தேர்தல் கிடையாது. அந்த ஆண்டுகளின் நவம்பர் 3 பக்கங்களை எடுத்து, இரட்டைப்படை ஆண்டுகளின் பக்கங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொனி மாறுகிறதா என்பது தெரிந்துவிடும்.

கடிதங்களைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. ஒருவருடைய தாள்களில் பெரும்பாலும் மற்றவர்கள் அவருக்கு எழுதியவையே இருக்கும். அவர் எழுதியவை பெற்றவர்களுடைய வீடுகளில்தான் தங்கியிருக்கும். டானலியின் குரலைக் கடிதத்தில் கேட்க வேண்டுமானால் அலெக்சாண்டர் ராம்சியின் தாள்களையும் பாருங்கள். அவையும் அதே கழகத்தில்தான் இருக்கின்றன. ராம்சியும் நாட்குறிப்பு எழுதியவர். டானலி துணை ஆளுநராக இருந்தபோது ஆளுநராக இருந்த அதே ராம்சிதான், 1868இல் டானலி கண்வைத்த செனட் (மேலவை) இடத்தில் அமர்ந்திருந்தவர். ஒரே சண்டையை இரண்டு பக்கத்து நாட்குறிப்பிலும் படிக்கும் வாய்ப்பு எல்லா ஆய்வாளருக்கும் அமைவதில்லை.

தானியக்களம்:

சுவடிமேசை ஐயாவின் நாட்காட்டிக் கணக்கு அருமையானது. ஆயினும் அவர் சொன்ன சோதனையில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. மின்னசோட்டாவில் ஆளுநர் தேர்தல் 1883 வரை ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் நடந்தது. 1886இலிருந்துதான் இரட்டைப்படை ஆண்டுக்கு மாறியது. அதுவரை ஒற்றைப்படை ஆண்டென்றால் மாநிலத் தேர்தல், இரட்டைப்படை ஆண்டென்றால் தேசியத் தேர்தல் என்று ஆண்டுதோறும் நவம்பர் பரபரப்பாகவே கழிந்திருக்கும். 1881 நவம்பரும் அமைதியான மாதம் அன்று. உண்மையிலேயே ஓய்ந்த நவம்பர் வேண்டுமானால் 1885, 1887, 1889 ஆகிய ஆண்டுகளில் தேடுவது பொருத்தமாக இருக்கும்.

இனி கடிதங்களுக்கு வருகிறேன். அவற்றைப் படிக்காமல் இந்தக் கட்டுரையை எழுதுவது, களத்துமேட்டுக்குப் போகாமல் விளைச்சலைப் பற்றி எழுதுவதாகும். கிராமத்து அரசியல்வாதி ஒருவரைத் தாங்கி நிற்பது அவருடைய தத்துவம் அன்று. அவருக்கு மனு எழுதியவர்கள். 1860களில் ஒரு கீழவை உறுப்பினரின் அன்றாட வேலையில் பெரும்பகுதி பதவி வாங்கித் தருவது: எந்த ஊருக்கு யார் போஸ்ட்மாஸ்டர், எந்த நில அலுவலகத்தில் யார் பதிவாளர், போரில் கால் இழந்தவருக்கு ஓய்வூதியம் வந்ததா இல்லையா என்பவை. தேர்வு வைத்து ஆள் எடுக்கும் சட்டம் வந்ததே 1883இல்தான். அதற்கு முன் ஒவ்வொரு சிற்றூர் அஞ்சலகமும் கட்சிக்காரர் ஒருவருக்கான சன்மானம். இந்த வகைக் கடிதங்களைப் பத்து நாள் உட்கார்ந்து படித்தால், டானலியின் செல்வாக்கு எந்த ஊர் வரை பரவியிருந்தது, எந்த ஆண்டில் எந்த ஊரிலிருந்து கடிதம் வருவது நின்றுபோயிற்று என்று வரைபடமே போட்டுவிடலாம். நாட்குறிப்பில் ‘நண்பர்கள் கைவிட்டார்கள்’ என்று ஒருவர் எழுதுவது அவருடைய மனநிலை. கடிதம் நின்ற மாதம் அப்படி மாற்றிச் சொல்ல முடியாத ஒன்று.

1878ஆம் ஆண்டுத் தேர்தலைத் தாங்கள் தோல்வி என்ற ஒரே சொல்லில் கடந்துவிடக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன். அதுதான் பித்தளைக் கெட்டில் தேர்தல். மினியாபொலிஸ் மாவாலைக்காரர்களின் சங்கத்துக்காகக் கொள்முதல் செய்தவர்கள், விவசாயி கொண்டுவந்த கோதுமையில் இரண்டு குவார்ட், அதாவது ஏறத்தாழ இரண்டு லிட்டர், கொள்ளும் ஒரு சிறிய பித்தளைப் பாத்திரத்தை நிரப்பி எடைபோட்டு, அந்த எடையைக் கொண்டு புஷலுக்கு (தானியத்தை அளக்கும் பெரிய முகத்தல் அளவு) இத்தனை பவுண்டு என்று கணக்கிட்டுத் தரம் பிரித்தார்கள். தரம் ஒரு படி இறங்கினால் விலையும் இறங்கும். தானியம் அளக்கும் இடத்தில் நின்று பார்த்தவருக்கு இதன் சூட்சுமம் உடனே விளங்கும்: பாத்திரம் சிறியதாக இருக்க இருக்க, அதைத் தளர்வாக நிரப்புவதற்கும் அமுக்கி நிரப்புவதற்கும் உள்ள வேறுபாடு கணக்கில் பெருகிக்கொண்டே போகும். அளப்பவர் கையில்தான் தரம் இருக்கிறது, அளப்பவரோ வாங்குபவருடைய ஆள் என்பதே விவசாயிகளின் குறை. டானலி அந்தப் பாத்திரத்தையே தேர்தல் முழக்கமாக்கினார்; எதிரே நின்ற வில்லியம் வாஷ்பர்னோ மாவாலை முதலாளி. டானலி தோற்றார்தான். ஆனால் 1885இல் ரயில்வே மற்றும் கிடங்கு ஆணையம் அமைந்து தானியத்தைத் தரம் பார்க்கும் பொறுப்பை மாநிலமே எடுத்துக்கொண்டபோது, 1878இல் மேடைகளில் பேசப்பட்ட குறைக்குத்தான் சட்டம் பதில் சொன்னது. நாட்குறிப்பை மட்டும் படிப்பவருக்கு 1878 ஒரு மனிதனின் காயமாகத் தெரியும். விவசாயிகளின் கடிதங்களோடும் பத்திரிகைத் துணுக்குகளோடும் படிப்பவருக்கு அது ஒரு வழக்கின் தொடக்கமாகத் தெரியும்.

படிக்க உட்காரும் முன் சில எச்சரிக்கைகள். இலையூ வாஷ்பர்ன் என்பவரும் வில்லியம் வாஷ்பர்ன் என்பவரும் உடன்பிறந்தவர்கள். ஆனால் இலையூ தம் பெயரின் இறுதியில் ஆங்கிலத்தில் ஓர் ‘ஈ’ எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்து எழுதுவார். இல்லினாய்ஸ் உறுப்பினரான அவரைத்தான் 1868 மே மாதம் கீழவையிலேயே டானலி வசைமாரி பொழிந்தார். அண்ணனோடு வாஷிங்டனில் ஒரு சண்டை, பத்து ஆண்டுகள் கழித்துத் தம்பியோடு மின்னசோட்டாவில் ஒரு சண்டை! அட்டவணையில் ஓர் எழுத்து வேறுபாட்டால் இருவரும் வெவ்வேறு இடத்தில் நிற்பார்கள். ஒருவரை மற்றவராகக் கொண்டுவிடாதீர்கள். அடுத்து, அக்காலக் கடிதங்களில் தேதிக்குப் பக்கத்தில் ‘இன்ஸ்டன்ட்’ என்பதன் சுருக்கம் இருந்தால் நடப்பு மாதம், ‘அல்டிமோ’ என்பதன் சுருக்கம் இருந்தால் சென்ற மாதம். இதைக் கவனிக்காமல் நானே ஒருமுறை, வேறொருவருடைய கடிதக் கட்டில், பதில் கேள்விக்கு முன்னால் வந்ததாக வரிசைப்படுத்தி வைத்து அரை நாள் குழம்பினேன்.

மழைப்பாடல்:

மேலே எழுதிய இருவரும் நாட்குறிப்பின் மேல் கொஞ்சம் அதிகமாகவே சந்தேகப்படுகிறார்கள் என்று தோன்றுகிறது. கடிதங்கள் மட்டும் என்ன, மாசற்றவையா? போஸ்ட்மாஸ்டர் பதவி கேட்டு எழுதுபவர் தம் ஊரில் உறுப்பினருக்கு இருக்கும் செல்வாக்கைக் குறைத்தா எழுதுவார்? துணுக்கு ஒட்டிய ஏடுகளையும் எண்ணிப் பாருங்கள். எந்தப் பத்திரிகைச் செய்தியைக் கத்தரிப்பது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்தவர் அவர்தாம். டானலி 1874 முதல் சில ஆண்டுகள் சொந்தமாகவே வாரப் பத்திரிகை நடத்தியவர் என்பதையும் மறக்கக் கூடாது. அவரைப் பொறுத்தவரை அச்சில் வந்தது என்பதாலேயே ஒன்று பொதுச்சான்று ஆகிவிடாது.

நாட்குறிப்பு மட்டுமே தரக்கூடியது ஒன்று உண்டு. கிளாட்ஸ்டன் பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். நாணல் அவர்கள் அதை வறுமையின் சான்றாகப் பயன்படுத்தியிருப்பதாகத் தெரிகிறது. எனக்கு அது அப்படிப்படவில்லை. உதிர்ந்த பொத்தான்களை எண்ணிக்கொண்டிருப்பவர் அழவில்லை, சிரிக்கிறார். தம்மை ஒரு பாத்திரமாக எட்ட நின்று பார்க்கிறார். மேடையில் எதிராளியைக் கிழித்துக் கூட்டத்தைச் சிரிக்கவைத்த அதே வாய், தனிமையில் தம் பக்கமும் திரும்பியிருக்கிறது. மனம் உடைந்தவர் என்று தாங்கள் எழுதிய மனிதர், அதே குளிர்காலத் தனிமையில்தான், 1880ஆம் ஆண்டுப் பிறந்தநாளுக்குச் சில மாதங்களுக்குள் அட்லாண்டிஸ் நூலை எழுதத் தொடங்கி முடித்தும் விட்டார். 1882 தொடக்கத்தில் ஹார்ப்பர் நிறுவனம் அதை வெளியிட்டது. தங்கள் இரண்டு தூண்களுக்கும் இடையே கிடப்பது பதினாறு மாதம்தான். அந்த இடைவெளியைப் பற்றி எழுதினாலே கட்டுரை மனுவாகத் தேங்கிவிடாது.

வெளியில் சொல்லாததை அறியவும் தனித்தாள்களே துணை. 1890இல் அவர் எழுதிய எதிர்காலக் கதை ஒன்று எட்மண்ட் பாய்ஸ்கில்பர்ட் என்ற புனைபெயரில் வந்தது. விவசாயிகளின் தலைவர் ஒருவர், நகரமே எரிந்து அழியும் புரட்சியைக் கற்பனை செய்து பெயரை மறைத்து வெளியிடுகிறார். இரண்டே ஆண்டில் ஒமாஹா மாநாட்டில், 1892 ஜூலை 4 அன்று, அதே மனிதருடைய முகவுரையோடு, விவசாயிகளின் ஆதரவில் எழுந்த மக்கள் கட்சியின் கொள்கை அறிக்கை ஏற்கப்படுகிறது. நாடு ஒழுக்கத்திலும் அரசியலிலும் பொருளாதாரத்திலும் அழிவின் விளிம்பில் நிற்கிறது என்று அந்த முகவுரை பேசுகிறது. கதையில் இருக்கும் அச்சமும் அறிக்கையில் இருக்கும் அச்சமும் ஒரே ஊற்றில் சுரந்தவை. அந்த ஊற்றைப் பொதுமேடைப் பேச்சில் தேடி என்ன பயன்?

மனைவி கேட் அம்மையாருக்கும் அவருக்கும் இடையே ஓடிய கடிதங்களை யாரும் குறிப்பிடவில்லை என்பது வியப்பாக இருக்கிறது. 1855இல் மணந்து 1894இல் மறைந்தவர் அவர். நினிங்கர் கலைந்த காலத்தையும், கணவர் மாதக்கணக்கில் வெளியூரில் பேசித் திரிந்த காலத்தையும் அந்தப் பண்ணைவீட்டில் இருந்து கண்டவர். நாட்குறிப்பைச் சரிபார்க்க ராம்சியை நாடும் முன் வீட்டுக்குள் இருக்கும் சாட்சியை விசாரித்திருக்கலாம்.

நாணல்:

மூவருக்கும் நன்றி. பிறந்தநாளும் தேர்தல் நாளும் ஒட்டி வருவதை ஓராண்டு இந்தத் தாள்களோடு இருந்தும் நான் கவனிக்கவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. 1880ஆம் ஆண்டுப் பதிவைக் கட்டுரையின் தொடக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். கார்பீல்டு தேர்தலைச் சொன்ன பிறகு, அதன் இடத்தில், இரண்டே வரியாக வரப்போகிறது. தொடக்கத்துக்கு இப்போது பித்தளைப் பாத்திரத்தை வைத்திருக்கிறேன். மழைப்பாடல் அவர்கள் சொன்னபடி கிளாட்ஸ்டன் பதிவை மறுபடி படித்தேன். சிரிப்பை விட்டுவிட்டுக் கிழிந்த கால்சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டது என் பிழைதான்.

ஒரே ஒரு ஐயம் மீதி இருக்கிறது. 1868க்கு ராம்சியின் நாட்குறிப்பைப் பார்க்கும்போது எந்த மாதத்திலிருந்து தொடங்குவது?

சுவடிமேசை:

முதலில் தானியக்களம் அவர்களுக்கு நன்றி. ஒற்றைப்படை ஆண்டு விஷயத்தில் என் சோதனை பிழையாகவே இருந்தது. மழைப்பாடல் அவர்கள் கேட் அம்மையாரின் கடிதங்களை நினைவூட்டியதும் நியாயமே. என் வரிசையில் அவை முதலில் வந்திருக்க வேண்டும்.

நவம்பரில் தொடங்காதீர்கள், ஏப்ரலில் தொடங்குங்கள். டானலியைத் தாக்கி இலையூ வாஷ்பர்ன் எழுதிய கடிதம் செயின்ட் பால் பத்திரிகையில் வெளிவந்தது அப்போதுதான். மே 2ஆம் தேதி டானலி அவையில் பதிலடி கொடுத்தார். அந்தப் பேச்சு சிரிப்பை வாங்கித் தந்ததைவிடப் பகையை அதிகம் வாங்கித் தந்தது. கோடைக்குள் கட்சி இரண்டாகி, டானலிக்கு எதிராக ஆண்ட்ரூஸ் என்ற இன்னொரு குடியரசுக் கட்சிக்காரரும் நின்றார். வாக்குப் பிரிந்து, ஜனநாயகக் கட்சியின் யூஜின் வில்சன் வென்றார். 1869 ஜனவரியில் சட்டமன்றம் ராம்சியையே மறுபடி செனட்டுக்கு அனுப்பியது. ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்து மாதம், இரண்டு நாட்குறிப்பையும் தேதி வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இருவரும் எழுதியிருக்கும் நாட்களைவிட, ஒருவர் எழுதி மற்றவர் வாய்மூடியிருக்கும் நாட்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் நேரம் கிடைத்தால் பாருங்கள். 1900இல் மக்கள் கட்சியின் ஒரு பிரிவு இவரைத் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிறுத்தியது. தேர்தல் நவம்பர் 6, செவ்வாய். அறுபத்தொன்பதாவது பிறந்தநாள் அதற்கு முந்தைய சனிக்கிழமை. வாக்கு எண்ணும் முன்பே வந்த பிறந்தநாள் அது, அவருக்குக் கடைசிப் பிறந்தநாளும் அதுவே. 1901 ஜனவரி 1 அன்று மினியாபொலிஸில் காலமானார். அந்த ஆண்டு நாட்குறிப்பு சுருளில் கையில் சிக்கினால், முதலில் அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தைத் திருப்புங்கள். கிடைத்ததை இங்கே எழுதவும் வேண்டும்.